பை சோதனை: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் ஐயாவுக்கும் தலைமை ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் நடந்த பை சோதனை பற்றித்தான் எழுதுகிறேன். யாரோ செல்போன் கொண்டுவந்ததாகத் தகவல், போன் கடைசிவரை கிடைக்கவில்லை, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கிடைத்தது என் மகள் பையில் பேப்பரில் சுற்றி வைத்திருந்த நாப்கின். பி.டி. சார் பையை மேசையில் கவிழ்த்து, "என்ன பொட்டலம் இது?" என்று கேட்டு, அவள் வாய் திறக்காமல் நின்றதும் பிரித்தே பார்த்துவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் பையன்கள். பார்த்ததும் அதை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த பைக்குப் போய்விட்டாராம், பொறுக்கி உள்ளே வைத்தது அவள்தான். இனி அந்த நாட்களில் பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறாள். வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் வராது என்று மெசேஜ் அனுப்புவதும் நீங்கள்தான்.

சோதனையே கூடாது என்று சொல்ல வரவில்லை. பாளையங்கோட்டையில் 2025 ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் அரிவாளோடு வந்து கூடப் படிக்கும் மாணவனையும் தடுக்கப் போன ஆசிரியையையும் வெட்டினான். வாயில் ஒதுக்கும் கூல் லிப் புகையிலை வேறு பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. பயம் உங்களுக்கு மட்டுமா, எங்களுக்கும்தான். அதற்காக யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும், எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்க்கலாமா? கைதான பெண்ணைக்கூட இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பள்ளிச் சீருடை போட்டவர்களுக்கு அது பொருந்தாது என்று அதில் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான், பை சோதனைக்கு எழுத்தில் ஒரு விதி. ரிப்பன் என்ன நிறம், நகம் எவ்வளவு, வேன் ஃபீஸ் ஐந்தாம் தேதி தாண்டினால் எவ்வளவு அபராதம் என்று டைரியில் பக்கம் பக்கமாக அச்சடிக்கத் தெரிகிறது, இதற்கு ஒரு வரி இல்லை! மகாராஷ்டிரத்தில் ஷாஹாபூரில் 2025 ஜூலையில், கழிப்பறையில் ரத்தக்கறை இருந்தது என்று ஒரு பள்ளியில் மாணவிகளின் ஆடையைக் களையவைத்துப் பார்த்தார்கள், தலைமை ஆசிரியையே கைதானார். நாங்கள் அவ்வளவு தூரம் போவோமா என்பீர்கள். எதுவரை போகலாம் என்று எழுதி வைக்காதபோது அதை எப்படி நம்புவது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். குறிப்பிட்ட சந்தேகம் இருந்தால் மட்டும் சோதனை, அதுவும் வகுப்புக்கு வெளியே தனியாக, மாணவிகளுக்கு ஆசிரியை முன்னிலையில், பிள்ளையே தன் பையைத் திறந்து காட்டும்படி, அன்றே வீட்டுக்குத் தகவல். இதை எழுதி, அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். "சார் நல்லவர்தான் மேடம்" என்று அலுவலகத்திலிருந்து போனில் சொன்னார்கள். இருக்கட்டும், நான் கேட்டது அதை இல்லை.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா