அந்த ‘ஆகவே’யை எடுத்துவிடு

காரைக்குடி

அன்புள்ள உமையாள்,

மூன்று வாரமாகப் பதில் போடாததற்கு நன்றாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மெய்யம்மை ஆச்சி இன்னும் “தவளைக்காரி எப்ப வர்றா?” என்று உன்னைத்தான் கேட்கிறார்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வந்துவிடு.

உன் கட்டுரை வரைவைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. “பேரியம் சேர்த்ததும் நைட்ரைட் குறைந்தது, ஆகவே கே.ஐ.ஆர் 4.1 சேனல்தான் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை நடத்துகிறது” என்று எழுதியிருக்கிறாய். பேரியம் அடைப்பது செல் சவ்வில் உள்ள அந்தப் பொட்டாசியச் சேனலை; நைட்ரைட் என்பது நைட்ரிக் ஆக்சைடு மாறி மிஞ்சுவது, அதை வைத்துத்தான் உற்பத்தியை அளக்கிறாய். அந்த ‘ஆகவே’யை இப்போதைக்கு எடுத்துவிடு.

இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிச் சைகைப் புரதங்களைக் கொடுத்து மனித ஆஸ்ட்ரோசைட்டை (மூளையில் நியூரானுக்குத் துணை நிற்கும் செல்) தூண்டினால் உருவாவது ஐநாஸ், நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதி. அதில் கால்மோடுலின் என்ற கால்சியம் உணரும் புரதம் எப்போதும் இறுக ஒட்டியே இருக்கும். நியூரான் வகை நாஸ் போலக் கால்சியம் ஏறட்டும் என்று காத்திருக்காது. கால்சியம் குறைந்து நொதி ஓய்ந்தது என்ற உன் மூன்றாம் பக்க விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

அந்த நொதிக்கு மூலப்பொருளான அர்ஜினினை யோசித்தாயா? அது நேர்மின் சுமை கொண்டது. ‘கேட்’ (CAT) எனும் சவ்வுக் கடத்திப் புரதங்கள் வழியாக அது உள்ளே வருவதற்குச் சவ்வின் உட்பக்க எதிர்மின்னழுத்தமும் இழுவிசை. அந்த அழுத்தத்தை −80 மில்லிவோல்ட் பக்கம் வைத்திருப்பதே கே.ஐ.ஆர் 4.1. அதை அடைத்தால் இழுப்பு தளரும். நொதி துளியும் குறையாமல் நைட்ரைட் குறையும். அடுப்பு எரிகிறது, அரிசி வரவில்லை, அவ்வளவுதான்.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. செல் வளர்க்கும் ஊடகமான டி.எம்.இ.எம்-இல் அர்ஜினின் 0.4 மில்லிமோலார். தட்டில் பேரியம் சேர்த்த குழிகளில் பாதிக்கு அதை 2 ஆக்கு. நைட்ரைட் மீண்டால் தட்டுப்பாடு அர்ஜினினில்தான். இன்னொரு தட்டில் பேரியமே வேண்டாம். பொட்டாசியத்தை 30 மில்லிமோலாருக்கு உயர்த்தி, உயர்த்திய அளவு சோடியம் குளோரைடைக் குறை; சேனலை அடைக்காமலே சவ்வழுத்தம் தளரும். அதிலும் நைட்ரைட் இறங்கினால் சவ்வழுத்தம்தான் காரணமாக இருக்கலாம், அந்தச் சேனலுக்கென்று தனிப் பங்கு இல்லை. பேரியத்தை 0 மணியில் ஒரு முறையும், நொதி உருவான பின் 24 மணியில் ஒரு முறையும் சேர்த்துப் பார். முதலாவதில் மட்டும் குறைந்தால் நொதி உருவாவதையே சந்தேகப்படு. அதே குழிகளில் எல்.டி.எச் (செத்த செல்லிலிருந்து கசியும் நொதி) அளக்க மறக்காதே. செத்த செல்லும் நைட்ரைட் தராது.

இன்னொரு சங்கடம்: அந்த ஊடகத்தில் மெக்னீசியம் சல்பேட் 0.8 மில்லிமோலார் இருக்கிறது. 100 மைக்ரோமோலார் பேரியம் அதோடு சேர்ந்து பேரியம் சல்பேட்டாகப் படியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கரைசலில் உள்ள பேரியம் குறையும். கலங்கினால், நைட்ரைட்டை நிறமாக்கி அளக்கும் க்ரீஸ் வினையின் 540 நானோமீட்டர் அளவீடு பொய்யாக ஏறும். 5 நிமிடம் மையவிலக்கி, மேல் திரவத்தில் 50 மைக்ரோலிட்டர் மட்டும் எடு. செல் இல்லாத பேரிய ஊடகத்தையும் க்ரீஸ் வினைக்கு ஓட்டு.

க்ரீஸில் முதலில் 5% பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்த 1% சல்ஃபானிலமைடு, இருட்டில் 10 நிமிடம், பிறகு நிறம் தரும் 0.1% என்.இ.டி. பழுப்பேறிய என்.இ.டி.-யைக் கொட்டிவிடு. திட்ட வரைகோட்டைத் தண்ணீரில் போடாதே, அதே ஊடகத்தில் போடு. நம்மூர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் இங்கே ஆகாது. மனிதச் செல்லில் எண்கள் சிறியவை. 1 மைக்ரோமோலார் பக்கம் வருவதை நம்பாதே.

இதற்கெல்லாம் முன்னால் பேட்ச் வை, அதாவது நுண்குழாயைச் செல்லில் ஒட்டி அதன் சவ்வழுத்தத்தை அள. வளர்ப்பில் ஆஸ்ட்ரோசைட் கே.ஐ.ஆர் 4.1-ஐப் பெரும்பாலும் இழந்துவிடும். ஓய்வழுத்தம் −40 மில்லிவோல்ட் என்று நின்றால், உன் பேரியம் எதைத்தான் அடைத்தது? நோன்புக்கு வரும்போது தட்டுகளின் மூல அளவீடுகளை எடுத்து வா, திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
வள்ளி