எலுமிச்சை அழுகலுக்குத் தாவரச் சாறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புளியங்குடிச் சந்தைக்கு நாங்கள் அனுப்பும் எலுமிச்சை மூட்டையில் முள் கீறிய ஒரு பழம் இருந்தாலும், அதன்மேல் முதலில் வெண்மையாகவும் பின்னர்ப் பச்சை மாவு தூவியது போலவும் பூசணம் படர்ந்து, சில நாள்களில் பழம் கொழகொழத்துவிடுகிறது. பெனிசிலியம் டிஜிடேட்டம் எனும் இப்பூசணம் காயத்தின் வழியாகவே நுழைகிறது. இமசலில், தயபென்டசோல் எனும் பூசணக்கொல்லி மருந்துகளுக்கு மசியாத பூசண வகைகள் பல நாடுகளில் தோன்றிவிட்ட நிலையில், பூண்டிலுள்ள அல்லிசின், கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் எனும் வேதிப்பொருள்கள் அதன் வித்துகள் முளைப்பதைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருப்பது பெரும் நம்பிக்கை தருகிறது. ஆனால் அல்லிசின் விரைவில் சிதைந்துவிடும். கிராம்பு எண்ணெய் அளவு மிஞ்சினால் தோல் கருகும். ஊறுகாய்க்குத் தோலோடு நறுக்கப்படும் பழமாயிற்றே! எவ்வளவு நீரில் எவ்வளவு சாறு, எத்தனை நிமிடம் நனைப்பது என்பதை வேளாண் பல்கலைக்கழகம் சந்தையிலேயே சோதித்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எலுமிச்சை விவசாயி, தென்காசி மாவட்டம்