மொரீசியஸ் மாணவனின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள செல்வி,

இத்தனை நாள் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. கோமதிக்கு மாற்றல் கிடைத்துவிட்டதாமே, கடைசியில் சாதித்துவிட்டாள்!

இனி நம் சண்டை. ஆப்பிரிக்க ஒன்றியம் என்பது அதிபர்கள் சங்கம், அங்கே குடிமக்களுக்கு என்ன வேலை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். தேவராஜ் சார் வகுப்பிலும் இப்படித்தான், முதலில் தீர்ப்பு, அப்புறம்தான் வழக்கு. உன் மொரீசியஸ் மாணவன் கேட்டதுதான் சரியான கேள்வி: “என் அரசு என் உரிமையைப் பறித்தால், அருஷாவில் இருக்கும் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்கு நானே போகலாமா?”

நேராகப் போக முடியாது. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-ஆம் ஆண்டு நெறிமுறையை, அதாவது நாடுகள் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தை, மொரீசியஸ் ஏற்றிருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. 34(6) பிரிவின்படி, “எங்கள் குடிமக்கள் நேரடியாக வழக்குப் போடலாம்” என்று அரசு தனியாக ஓர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். மொரீசியஸ் கொடுக்கவில்லை, தென்னாப்பிரிக்காவும் கொடுக்கவில்லை. நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே இதில்தான் போனது. செனகலுக்கு எதிராக ஒரு தனிமனிதர் 2008-இல் வழக்குப் போட்டார். செனகல் அறிவிப்பு தராததால் விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2009-இல் தள்ளிவிட்டார்கள்.

55 உறுப்பு நாடுகளில் அந்த அறிவிப்பைக் கொடுத்தவை 12 மட்டுமே. அதிலும் ருவாண்டா 2016-இல், தான்சானியா 2019-இல், பெனினும் ஐவரி கோஸ்டும் 2020-இல், துனீசியா 2025 மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டன. நீதிமன்றம் இருப்பதே தான்சானியாவில் என்பதையும் சேர்த்துப் பார். ஏன் போனார்கள் என்று கேட்டால் உன் “சங்கம்” வாதம் ஆடிப்போகும். தேர்தல் ஆணையம் நடுநிலையாக இல்லை என்று ஐவரி கோஸ்டுக்கு எதிராக 2016-இல் தீர்ப்பு வந்தது. 2007-இல் நிறைவேறி 2012-இல் அமலுக்கு வந்த ஜனநாயகம், தேர்தல், ஆட்சிமுறை பற்றிய சாசனத்தை ஒரு நீதிமன்றம் கையில் எடுத்து அரசை அளந்தது அதுதான் முதல் தடவை. துனீசிய அதிபர் 2021-இல் போட்ட ஆணைகளை ரத்துசெய்து, இரண்டு ஆண்டுக்குள் அரசியலமைப்பு ஜனநாயகத்துக்குத் திரும்பச் சொல்லி 2022 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. யாரும் மதிக்காத நீதிமன்றமாக இருந்தால் இவர்கள் ஏன் மெனக்கெட்டு வெளியேற வேண்டும்? எனக்கு இதில் வருத்தமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு.

வகுப்பில் இதையும் சொல்: விலகல் கடிதம் கொடுத்த அன்றே கதவு அடைபடாது. ஓராண்டு கழித்துத்தான் அமலுக்கு வரும், அதற்குமுன் பதிவான வழக்குகள் தொடரும். 2016-இல் ருவாண்டா விஷயத்தில் நீதிமன்றமே அப்படி வகுத்தது.

அப்படியானால் அந்தப் பையனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. காம்பியாவின் பன்ஜூலில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் முறையிடலாம், பாதிக்கப்பட்டவரே போட வேண்டும் என்றில்லை. ஆணையம் நினைத்தால் வழக்கை அருஷாவுக்கு அனுப்பும். அப்படி அனுப்பினால் 34(6) அறிவிப்பு தேவையே இல்லை. கென்யாவும் அறிவிப்பு தராத நாடுதான். ஆனாலும் மாவ் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒகியெக் மக்களின் முறையீடு 2009-இல் ஆணையத்துக்குப் போய், 2012-இல் நீதிமன்றத்துக்கு வந்து, 2017-இல் வென்றது. 2022-இல் 15 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங் இழப்பீடு தரச் சொன்னார்கள். எத்தனை ஆண்டு என்று நீயே கூட்டிக்கொள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வழி ஆகாது.

மனுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஆப்பிரிக்க மனித உரிமைச் சாசனத்தின் 56-ஆம் பிரிவில். உள்நாட்டு நீதிமன்றங்களில் கடைசிப் படிவரை போயிருக்க வேண்டும். அங்கே வழக்கு அநியாயமாக இழுபட்டால் மட்டும் விதிவிலக்கு, அதையும் தேதிவாரியாகக் காட்ட வேண்டும். எத்தனை மாதத்துக்குள் என்று சாசனத்தில் எண் கிடையாது, “நியாயமான காலம்” என்றுதான் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் போய்விடு என்றுதான் நான் சொல்வேன். பத்திரிகைச் செய்தியை மட்டும் ஆதாரமாக வைத்தால் எடுக்க மாட்டார்கள். வசைமொழியும் கூடாது. கேமரூனுக்கு எதிரான ஒரு மனு, “சித்திரவதைக்காரர்களின் ஆட்சி” போன்ற சொற்கள் இருந்ததற்காகவே தள்ளுபடியானது. அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. சித்திரவதையை வேறெப்படிச் சொல்வது? ஆனாலும் மனு எழுதும்போது கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததை மட்டும் எழுது என்றுதான் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

செல்வி, என்னை உண்மையில் அலைக்கழிப்பது வேறு. 2003-இல் நைஜீரியா, பெனினுடனான எல்லையை மூடியது. வழியில் மாட்டிக்கொண்ட ஒரு நைஜீரிய வியாபாரி மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தின், அதாவது எக்கோவாஸின், நீதிமன்றத்துக்குப் போனார். தனிமனிதர் வழக்குப் போட இடமில்லை என்று 2004-இல் திருப்பி அனுப்பினார்கள். அதற்காக அவர் தன் அரசையே கெஞ்சி, அந்த அரசின்மேலேயே வழக்குப் போடச் சொல்ல முடியுமா? இந்த அபத்தம் எல்லோர் கண்ணிலும் பட்டது. 2005-இல் விதியை மாற்றினார்கள். இன்று மனித உரிமை மீறலுக்கு அங்கே எந்தக் குடிமகனும் போகலாம், உள்ளூர் நீதிமன்றப் படியெல்லாம் ஏறி வர வேண்டியதும் இல்லை. அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு நைஜர் அரசு ஒரு கோடி சிஎஃப்ஏ ஃபிராங்க் தர வேண்டும் என்று 2008-இல் தீர்ப்பளித்தது இதே நீதிமன்றம்தான். 2025 ஜனவரி 29-இல் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் எக்கோவாஸை விட்டுப் போனபோது ராணுவ ஆட்சிகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். அந்த மக்கள் கையிலிருந்து இந்த நீதிமன்றமும் போனதை யார் எழுதினார்கள்?

இப்போது கண்டம் முழுவதற்குமான தடையற்ற வணிகப் பகுதி வந்திருக்கிறது. 2018 மார்ச் 21-இல் கிகாலியில் 44 நாடுகள் கையெழுத்திட்டன. 22 நாடுகளின் ஏற்புறுதி, அதாவது ஒப்பந்தத்தை முறைப்படி ஏற்கும் ஒப்புதல், சேர்ந்து 2019 மே மாதமே அமலாகிவிட்டது. அதில் தகராறு வந்தால் அரசுதான் அரசின்மேல் வழக்குப் போட முடியும். எல்லையில் லாரி நிற்கும் வியாபாரி இணையத்தில் தடையைப் பதிவுசெய்யலாம், அது அந்தந்த நாட்டு அதிகாரிக்குப் போகும், அவ்வளவுதான். 2004-இல் அந்த நைஜீரிய வியாபாரி நின்ற இடத்திலேயே மறுபடி ஒரு கண்டத்தின் வியாபாரிகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். அதே 2018-இல் வந்த, ஆட்கள் நாடு விட்டு நாடு தடையின்றிப் போய்வருவதற்கான நெறிமுறைக்கு வேண்டியது 15 ஏற்புறுதி. பல ஆண்டுகள் போயும் ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ தோமே என்று நான்கைத் தாண்டவில்லை. சரக்குக்குக் காட்டிய வேகத்தில் பாதியாவது மனிதர்களுக்குக் காட்டியிருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில் இருக்கும் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் குடிமக்களுக்குக் குரல் இல்லை என்று நீ சொன்னதில் மட்டும் உன்னோடு ஒத்துப்போகிறேன். நாட்டுக்கு ஐந்து பேர், அவர்களையும் உள்நாட்டு நாடாளுமன்றங்களே அனுப்புகின்றன. சட்டம் இயற்றும் பணியைத் தரும் 2014 மலாபோ நெறிமுறைக்கு 28 ஏற்புறுதி வேண்டும், அது இன்னும் சேரவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் குடிமைச் சமூக அமைப்புகளுக்கென்று இருக்கும் மன்றத்தில் சேர வேண்டுமானால் அமைப்பின் வருமானத்தில் பாதியாவது உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும் என்று விதி. வெளிநாட்டு நிதியில் ஓடும் அமைப்புகளுக்கு இதுவே பெரிய தடை. விதியின் நோக்கம் நல்லதுதான், ஆனால் உழைக்கிற பலரை வெளியே நிறுத்துகிறது.

அந்தப் பையனிடம் இரண்டு வேலை கொடு. ஒகியெக் தீர்ப்பில் நீதிமன்றம் தன் அதிகாரத்தை நிறுவும் பகுதியைப் படித்து, மொரீசியஸிலிருந்து ஒரு கற்பனை முறையீட்டை 56-ஆம் பிரிவின்படி எழுதட்டும். பிறகு, தன் நாடு 34(6) அறிவிப்பைக் கொடுக்க வேண்டும் என்று தன் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம், இது கற்பனை வேண்டாம். இரண்டையும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
வசந்தி