அத்தைக்குச் சாமி வந்தது பற்றி

அன்பு மகனுக்கு,

கருப்பசாமி கோயில் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அத்தைக்கு வந்தது சாமியில்லை, எல்லாம் மூளை செய்கிற வேலை" என்று போனில் சொன்னாய். தங்கச்சியைச் சொன்னதில் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபமில்லைடா. தத்துவம் நடத்திய வாத்தியாருக்கு இது பழகிய வாதம்தான்.

மூளையில் நடக்கிறது, சரி. விரதம், உருமிச் சத்தம், சாம்பிராணிப் புகை, சுற்றி நிற்கிற சனம் எல்லாம் உடம்பை ஏதாவது செய்யத்தான் செய்யும். ஆனால் நீ ஸ்கேனைப் பார்த்துக் கட்டி என்று முடிவு சொல்கிறாயே, அப்போது உன் மூளையிலும்தான் ஏதோ நடக்கிறது. அதனால் உன் முடிவு பொய்யாகிவிடுமா? அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களைப் பற்றி எடின்பரோவில் பேசி 1902-இல் நூலாக்கியதில் இந்த வாதம் வருகிறது. கிறிஸ்தவர்களின் பவுல் அப்போஸ்தலர் டமாஸ்கஸ் சாலையில் கண்ட தரிசனம் வலிப்பு நோயால் என்று சொல்லிக் கதையை முடித்தவர்களிடம், அப்படியென்றால் நாத்திகன் கருத்துக்கு அவன் ஈரலைக் காரணம் சொல்லலாமே என்றார். எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி, அதில் உண்மை உண்டா என்பது வேறு. இத்தனைக்கும் ஜேம்ஸுக்கே அந்த மாதிரி தெய்வ அனுபவங்கள் அநேகமாக வாய்க்கவில்லை. அடுத்தவர் சொல்லித்தான் தெரியும் என்று எழுதியவர்.

மதுரையில் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துப் பக்கம் சொக்கப்ப நாயக்கன் தெரு உனக்குத் தெரியும். 1896 ஜூலையில் அங்கே சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்த வேங்கடராமனுக்கு 16 வயது. மேளமில்லை, குருவில்லை, காய்ச்சல்கூட இல்லை. திடீரென்று சாவுபயம். பையன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, இந்த உடம்பைச் சுடுகாட்டில் எரித்தால் அதோடு நானும் முடிந்தேனா என்று பார்த்திருக்கிறான். பயம் அன்றோடு போயிற்று, திரும்ப வரவே இல்லை என்று ரமண மகரிஷியாகிப் பிறகு சொன்னார். ஆறு வாரத்தில் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவரவர் மரபு சொல்லிக்கொடுத்ததுதான் அனுபவத்துக்கே உருக்கொடுக்கிறது என்று இந்த அனுபவங்களை ஆராய்ந்த ஸ்டீவன் காட்ஸ் என்ற அறிஞர் 1978-இல் எழுதினார். அத்தைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்; கருப்பனைத் தவிர வேறு யார் அவள் மேல் இறங்குவார்? மாடியில் நடந்ததற்கு எனக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. வேதாந்த நூல்களை ரமணர் படித்ததெல்லாம் பிற்பாடுதான். ஆனால் அதற்கு முன்பே பெரிய புராணம் படித்து உருகியவர், அதையும் ஒதுக்க முடியாது.

ஜேம்ஸ் இன்னொன்றும் சொன்னார். அனுபவம் யாருக்கு வந்ததோ அவரைத்தான் கட்டுப்படுத்தும். வெளியில் நிற்கிறவர் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை. எனக்கு அதில் முழுச் சம்மதம். இந்த முறை சாமி குறி சொன்னபோது, மாமாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டது. நான் துன்னூறை வாங்கிப் பூசிக்கொண்டு, மாத்திரையை விடாதீங்கண்ணே என்று மாமாவிடம் தனியாகச் சொன்னேன். தலையாட்டினார், நம்பிக்கையில்லை. நீ ஒரு போன் போடு, டாக்டர் சொன்னால் கேட்பார். அத்தை எடுத்தால் மூளை கீளை என்று ஆரம்பிக்காதே.

அன்புடன்,
அம்மா