டயட் சார்ட் கேட்டா உடனே குடுக்குது, யாருக்கு குடுக்கறோம்னு அதுக்கு தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல ஏஐ கிட்ட கேட்டு வீட்லயே டயட் சார்ட் போட்டுக்கறது எப்படின்னு ஒரு பக்கம் முழுக்க வந்திருந்துச்சு. காசு செலவில்ல, டயட்டீஷியன் கிட்ட அலைய வேண்டாம், நம்ம இட்லி தோசைக்கே கலோரி சொல்லுதுன்னு எழுதியிருந்தீங்க. சுகர் இருக்கு, எடையை குறைங்கன்னு டாக்டரே சொல்லி அனுப்பின ஒரு அம்பது வயசுக்காரருக்கு அது உதவலாம், நான் மறுக்கல. ஆனா நான் திருச்சில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருக்கேன், அதே மாதிரி சார்ட்டை கையில வச்சிக்கிட்டு பதினெட்டு பத்தொன்பது வயசு புள்ளைங்க என்ன பண்றாங்கன்னு தினம் பாக்கறேன், அதனாலதான் எழுதறேன்.

மெஸ்ல தட்டு வாங்கின உடனே போட்டோ எடுக்கறாங்க. இன்ஸ்டால போடத்தான்னு நினைச்சிடாதீங்க, சாட்பாட்டுக்கு அனுப்பறாங்க, அது சாம்பார் சாதத்துல இவ்ளோ அப்பளத்துல இவ்ளோன்னு சொன்னதும் மொதல்ல அப்பளம் போகும், அப்புறம் சாதம் பாதியாகும், அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு கீழயே இறங்கி வர்றதில்ல. ஒரு பொண்ணு சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு குளிருது மேம்னு நின்னுச்சு. பாத்ரூம்ல கொத்து கொத்தா முடி, பீரியட்ஸ் வந்து பல மாசம் ஆச்சுன்னு அதோட ரூம்மேட் சொன்னா. கேட்டா, "எல்லாம் கணக்கு போட்டு கரெக்டாதான் மேம் சாப்டறேன்"ன்னு போனை எடுத்து காட்டுச்சு. இன்னும் ரெண்டு கிலோ குறைக்கலாமான்னு அது கேட்டிருக்கு, உங்கள் விடாமுயற்சி பாராட்டுக்குரியதுன்னு அழகா தமிழ்ல பதில் வந்திருக்கு, கீழயே அடுத்த வாரத்துக்கு சார்ட். அதுல இருந்த நம்பரை நான் இங்க வேணும்னேதான் எழுதல, இதை படிக்கிற வேற ஒரு பொண்ணு அதை அப்படியே எடுத்துக்கும். அந்த நம்பருக்கு பதிலா இத போடுங்க: ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், கணக்குப்படி 13லேர்ந்து 15 வயசு வரைக்கும் உள்ள ஒரு பொண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2400 கலோரி வேணும்.

அந்த சார்ட்ல பொய்யான தகவல்னு எதுவும் இல்ல சார், அதுதான் இதுல பெரிய கஷ்டம். அதே பதில் வேற ஒருத்தருக்கு சரியா இருந்திருக்கும். ஸ்வெட்டரையும் முடி கொட்றதையும் அந்த பொண்ணு டைப் பண்ணல, டைப் பண்ணாதது அதுக்கு தெரியாது, எடுத்து கேக்கவும் இல்ல. என்னை மாதிரி ஒருத்தி, இல்ல மெஸ்ல பரிமாறுற அக்கா, பாத்த உடனே என்னம்மா ஆச்சுன்னு கேட்டுடுவோம்.

இதுக்குன்னே வச்ச சாட்பாட்லயே இது நடந்திருக்கு. அமெரிக்காவுல ஈட்டிங் டிஸார்டர், அதாவது சாப்பிடறதே கோளாறாகிப் போற மனநோய், உள்ளவங்களுக்காகவே இருக்கற அமைப்பு நேஷனல் ஈட்டிங் டிஸார்டர்ஸ் அசோசியேஷன். இருபது வருஷத்துக்கு மேல ஹெல்ப்லைன் நடத்தினாங்க, அதுல வேலை செஞ்சவங்க யூனியன் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, 2023ல, ஹெல்ப்லைனை மூடப்போறோம், டெஸ்ஸான்னு ஒரு சாட்பாட் இருக்கு அதை யூஸ் பண்ணிக்கங்கன்னு சொன்னாங்க. ஈட்டிங் டிஸார்டர்லேர்ந்து மீண்டு வந்த ஒரு பெண் அதுகிட்ட பேசிப் பாத்தாங்க. வாரா வாரம் எடை பாரு, தினம் இவ்ளோ கலோரி குறை, தோலை கிள்ளி கொழுப்பு அளக்கற கருவி வாங்குன்னு வருது பதில்! அந்த நோயை வளக்கறதே இதெல்லாம்தான். மே 30ந் தேதி டெஸ்ஸாவை நிறுத்திட்டாங்க. அதை உருவாக்கினவங்க மொதல்ல எழுதி வச்ச பதிலை மட்டும் சொல்ற மாதிரிதான் செஞ்சிருந்தாங்க, நடத்தின கம்பெனி நடுவுல தானா பதில் தயாரிக்கற ஏஐயை சேத்துட்டாங்க.

2025 ஆகஸ்ட்ல இன்னொன்னு வந்துச்சு. டிஜிட்டல் வெறுப்பை எதிர்க்கும் மையம்னு ஒரு அமைப்பு, பதிமூணு வயசு புள்ளைங்க மாதிரி சாட்ஜிபிடி கிட்ட பேசிப் பாத்தாங்க. என் உடம்பு எனக்கு பிடிக்கலன்னு சொன்ன "பொண்ணுக்கு" கடுமையான பட்டினி பிளானும் பசியை அடக்கற மருந்துங்க பேரும் குடுத்திருக்கு. சில கேள்விக்கு மொதல்ல மாட்டேன்னு சொன்னதாம், ஸ்கூல் பிரசன்டேஷனுக்கு வேணும், ஃபிரெண்டுக்கு வேணும்னு சொன்ன உடனே குடுத்துடுச்சாம். எங்க ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல.

எதுக்கெடுத்தாலும் ஆமாம் போடற பழக்கம் இதுங்களுக்கு இருக்குங்கறது சாட்ஜிபிடியை செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனிக்கே தெரியும், அதே வருஷம் ஏப்ரல்ல ஓவரா ஜால்ரா அடிக்குதுன்னு அவங்க ஒரு அப்டேட்டையே திரும்ப எடுத்தாங்க. சாதாரண ஆளுக்கு அது ஒரு எரிச்சல், அவ்ளோதான். தன்னை கண்ணாடில பாத்தாலே அழற பொண்ணுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆமாம்னு சொல்ல ஒரு ஆள் கெடைச்ச மாதிரி. போட்டோ அனுப்பி என் முகத்துல என்ன குறைன்னு கேக்கறாங்க, அது தாடைலேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா எழுதி குடுக்குது.

கொஞ்சம் பட்டினி கெடந்தா என்ன ஆயிடும்னு கேக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். 1944-45ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில 36 ஆம்பளைங்க, நல்ல ஆரோக்கியமானவங்க, தாங்களா முன்வந்து ஒரு ஆராய்ச்சில சேந்தாங்க. முழுப் பட்டினி இல்ல, தினம் ரெண்டு வேளை சாப்பாடு உண்டு, அளவு மட்டும் கம்மி, ஆறு மாசம். உடம்புல கால்வாசி எடை போச்சு, அது எதிர்பாத்ததுதான். மனசு போன விதம்தான் பயங்கரம். எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புக்கா வாங்கி சேத்தாங்க, தட்டை நக்கினாங்க, யார் கூடவும் பேசாம ஒதுங்கினாங்க. உடம்பை பத்தி எந்த கவலையும் இல்லாம போனவங்களுக்கே இந்த கதி. ஏற்கனவே கவலையில கெடக்கற பொண்ணு தனியா ஒரு ரூம்ல போனை வச்சிக்கிட்டு இதை செஞ்சா எங்க போய் நிக்கும்? எடை கூடிடுமோன்னு பயந்து சாப்பாட்டையே ஒதுக்கற நோய்க்கு அனோரெக்ஸியான்னு பேரு, மனநோய்கள்லயே அதிகமா உயிரை எடுக்கறதுல அதுவும் ஒன்னு. 2025 மார்ச்ல கேரளாவுல 18 வயசு பொண்ணு இப்படித்தான் இறந்து போச்சு, அது யூடியூப் பாத்து இருந்த டயட்டுன்னு செய்தி வந்துச்சு.

சாட்பாட்டை மட்டும் குத்தம் சொல்லல. லீவுக்கு ஊருக்கு போன புள்ளைய வாசல்லயே நிறுத்தி என்னடி இப்படி ஊதிட்டேன்னு கேக்கற அத்தை, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சிடுன்னு சொல்ற அம்மா, இவங்க போட்ட விதைதான் அது. அந்த ஸ்வெட்டர் பொண்ணோட அப்பாவை வரச் சொல்லி பேசினப்ப, "நல்லா ஸ்லிம்மா தானே மேம் இருக்கா"ன்னு கேட்டாரு. அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாரு, ரத்தப் பரிசோதனை ரிசல்ட்ட பாத்துட்டு அட்மிட் பண்ணிட்டாங்க. இப்ப பரவால்ல, மனநல டாக்டரையும் பாக்கறாங்க, ஆனா தட்டை பாத்தா இன்னும் கை போனுக்குதான் போகுது.

உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவை ஏஐ டயட்னு கட்டுரை போட்டா, வளர்ற வயசு புள்ளைங்களுக்கும் சாப்பாட்டை நெனச்சாலே பயப்படறவங்களுக்கும் இது வேண்டாம்னு பெரிய எழுத்துல போடுங்க. பீரியட்ஸ் நிக்கறது, எப்பவும் குளிர்றது, முடி கொட்றது, கூட உக்காந்து சாப்பிட வராம ஒதுங்கறது, இத பாத்தா உடனே டாக்டர்கிட்ட போங்கன்னு பெத்தவங்களுக்கு சொல்லுங்க. மத்திய அரசோட டெலி மானஸ்ங்கற மனநல உதவி நம்பர் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், அதையும் அதே பக்கத்துல போடுங்க. எங்க மெஸ் சுவத்துல நான் ஏற்கனவே எழுதி ஒட்டியிருக்கேன், நீங்க போட்டா எல்லா ஊர் ஹாஸ்டலுக்கும் போய் சேரும்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் விடுதி வார்டன்,
திருச்சி