கழுத்து வலிக்குக் கண்ணையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கழுத்து வலிக் கட்டுரை தலையணை, நாற்காலி, கைப்பேசி என்று எல்லாவற்றையும் விரிவாக அலசியது. ஆனால், தலையை எங்கே, எவ்வளவு திருப்புவது என்பதில் பெரும்பங்கு வகிக்கும் கண்ணைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நான் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர். கணினித் திரையில் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் பிடரி வலி வந்து, மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை அணிந்திருந்தேன். கண்ணாடிக் கடைக்காரர்தான், "சார், திரையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று உட்கார்ந்து காட்டுங்கள்" என்றார். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே எழுத்தைப் பிடிப்பதற்காக, நாள் முழுவதும் முகவாயைத் தூக்கியபடி இருந்திருக்கிறேன். திரையின் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட்டதும் வலி படிப்படியாக விட்டது.

பக்கவாட்டில் யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் விழிதான் முதலில் பாய்கிறது. தலை பின்னால் வருகிறது. விழி இலக்கைப் பிடித்த பிறகும் தலை திரும்பிக்கொண்டிருப்பதால், பார்வை நழுவாதிருக்க விழிகள் அதே அளவுக்கு எதிர்த்திசையில் நகர்கின்றன. உட்செவியின் அரைவட்டக் குழல்கள் தரும் செய்தியால் இது ஏறத்தாழ 10 மில்லி விநாடியில் நடந்துவிடுகிறது. இந்த இதழை வேகமாக ஆட்டினால் எழுத்து கலங்கும். இதழை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டினால் வாசிக்க முடியும். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் உட்செவியின் இந்தச் செயலை இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், நாடித் துடிப்புக்கே எழுத்துகள் குதித்ததால், கட்டில் கம்பிகளுக்கிடையே தலையை முட்டுக்கொடுத்துப் படித்ததாக 1952இல் மருத்துவ இதழொன்றில் எழுதியிருக்கிறார்.

குழந்தைகளின் நிலைதான் கவலைக்குரியது. ஒரு விழியை அசைக்கும் ஆறு தசைகளில் ஒன்று பலவீனமாக இருந்தால், உருவம் இரண்டாகத் தெரியாமலிருக்கக் குழந்தை தானாகவே தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்துக்கொள்வதுண்டு. வீட்டார் அதைச் செல்லம் என்றோ, பழக்கதோஷம் என்றோ எண்ணிப் புகைப்படம் எடுப்பதற்காகத் தலையை நிமிர்த்திவிடுகிறார்கள். அடுத்த நொடியே அது மறுபடி சாய்கிறது.

ஆகவே, கண் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இக்கட்டுரையின் தொடர்ச்சியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.