ஆடிக் காற்றில் நடத்திய பாராமோட்டார் தொடக்கப் பயிற்சி குறித்த புகார்

அனுப்புநர்
சென்ற ஜூலைப் பயிற்சி அணியின் மாணவர்,
திருப்பூர்.

பெறுநர்
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
பாராமோட்டார் பயிற்சி நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: வாக்களித்த தரைப் பயிற்சியை அளிக்காமல் எஞ்சினுடன் ஓட வைத்தது, அதனால் ஏற்பட்ட விபத்து, விபத்துக்குப் பின் அனுப்பப்பட்ட ரூ.62,000 கேட்புக் கடிதம் ஆகியவை தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் உள்ள தங்கள் களத்தில் சென்ற ஜூலை மாதம், ஆடி முதல் வாரத்தில் நடந்த, முதுகில் எஞ்சினைச் சுமந்து துணி இறக்கையால் பறக்கும் பாராமோட்டாருக்கான ஏழு நாள் தொடக்கப் பயிற்சியில், ரூ.95,000 கட்டணமும் ரூ.25,000 வைப்புத்தொகையும் செலுத்திச் சேர்ந்தவன் நான். ஆறாம் நாள் காலை எஞ்சினுடன் முதன்முறையாக ஓடி எழ முயன்றபோது விழுந்து, இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுடன் இருந்தேன். கட்டுப் பிரித்த அதே வாரத்தில், உடைந்த கருவிகளுக்காக ரூ.62,000 செலுத்துமாறு தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விபத்துக்கான காரணமாக, பயிற்சியாளரின் கட்டளையை மாணவர் பின்பற்றவில்லை என்று அதில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை நான் ஏற்கவில்லை. முதலில் கற்றுத்தர வேண்டியதைக் கற்றுத்தராமலேயே என் முதுகில் எஞ்சினை ஏற்றினீர்கள் என்பதே என் புகார்.

பாராமோட்டாரில் எஞ்சின் மனிதனைத் தூக்குவதில்லை. அது முன்னோக்கித் தள்ளுகிறது, தூக்குவது தலைக்கு மேல் விரிந்து நிற்கும் துணி இறக்கைதான். அந்த இறக்கையைத் தரையில் நின்றபடி எழுப்பவும், நேர் மேலே நிறுத்தவும், ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் அடிக்கே நகர்ந்து சென்று சரிசெய்யவும், சரியாகாது என்று தெரிந்த கணமே பிரேக் கயிறுகளை முழுவதும் இழுத்து அதைக் கீழே படுக்க வைக்கவும் கை தானாகப் பழகும் வரை, எஞ்சினைத் தொடாமல் மணிக்கணக்கில் செய்ய வேண்டிய பயிற்சியைத்தான் கிரவுண்ட் ஹேண்ட்லிங் என்கிறோம். தங்கள் விளம்பரத் தாளிலும் 15 மணி நேரம் கிரவுண்ட் ஹேண்ட்லிங், உடலோடு பூட்டும் இருக்கைப் பட்டையான ஹார்னஸைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து செய்யும் ஒத்திகை, அதன் பிறகு பயிற்சியாளரின் கண்காணிப்பில் ஐந்து தனிப் பறத்தல்கள் என்றுதான் அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் 15 மணி நேரத்தை நம்பித்தான் நான் பணம் கட்டினேன். எனக்குக் கிடைத்தது மூன்றாம் நாள் ஒன்றரை மணி, நான்காம் நாள் இரண்டு மணி, ஐந்தாம் நாள் ஓடாத எஞ்சினைச் சுமந்தபடி ஒரு மணி, ஆக நாலரை மணி நேரம். தொங்கு ஒத்திகை ஒரு நாள்கூட நடக்கவில்லை; அதற்கான இரும்புச் சட்டம் கொட்டகையின் பின்புறம் கயிறில்லாமல் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்தேன்.

முதல் இரண்டு நாட்களும் காற்று அதிகம் என்று சொல்லிக் களத்தில் உட்கார வைத்தீர்கள். கேட்டபோது, இயற்கைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது தங்கள் அலுவலகத்தின் பதில். இந்தப் பதில்தான் எனக்குப் பெரும் வருத்தம் தந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோவை, பல்லடம், உடுமலை வட்டாரங்களில் எப்படி வீசும் என்பது இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் புதிய செய்தியன்று. தங்கள் களத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பித்தானே நிறுவப்பட்டன? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்த மாதத்தில், மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே பறக்கக்கூடிய ஒரு துணி இறக்கையை முதன்முறை கையில் பிடிப்பவர்களுக்கு வகுப்பு நடத்த நாள் குறித்தது இயற்கையன்று, தங்கள் நிறுவனம். பணம் கட்டுவதற்கு முன் ஜூன் மாதமே தொலைபேசியில் இதைக் கேட்டேன். விடியற்காலையில் காற்றே இருக்காது, கவலை வேண்டாம் என்றார்கள். அந்த வாரம் முழுவதும் காலை எட்டு மணிக்குள் களத்தின் காற்றுத்துணி கம்பத்துக்குச் செங்குத்தாக விறைத்து நின்றது.

காற்று பறித்துக்கொண்ட நாட்களை ஈடுசெய்யத் தேதியைத் தள்ளி வைத்திருக்கலாம். மீதப் பயிற்சிக்கு மார்கழியிலோ தையிலோ வரச் சொல்லியிருக்கலாம். ஏழு நாளில் தனியாகப் பறக்கலாம் என்ற விளம்பர வாசகத்தைக் காப்பாற்றுவதற்காக, தரைப் பயிற்சியைத்தான் வெட்டினீர்கள்.

நான்காம் நாள் காலையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் இழந்தது என்ன என்பது அதில்தான் இருக்கிறது. அன்று ஆறே கால் மணியளவில் காற்று சீராக, மெல்ல இருந்தது. இறக்கையைப் பார்த்தபடி திரும்பி நின்று இறக்கையின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் முன்பக்கப் பட்டைகளான ரைசர்களை இழுத்தேன். ஒவ்வோர் அறையாகக் காற்று நிரம்பி, சரசரவென்று ஒலித்தபடி எழுந்து தலைக்கு மேல் வந்து நின்றது. ஏறத்தாழ எட்டு நிமிடம் அது விழவில்லை. நான் 22 ஆண்டுகளாக நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஓடும் இழையின் இழுவிசை கூடுகிறதா குறைகிறதா என்று விரல் நுனியில் வைத்தே சொல்லப் பழகியவன். அதே உணர்வு அன்று இரண்டு பிரேக் கயிறுகளின் வழியாகவும் என் கைக்கு வந்தது. வலப்பக்கம் தளரப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்தது. இன்னும் பத்து மணி நேரம் இப்படிப் பழகினால் நான் பறந்துவிடுவேன் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தோன்றியது. அந்தப் பத்து மணி நேரத்தைத்தான் தங்கள் நிறுவனம் எனக்குத் தரவில்லை.

ஆறாம் நாள் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். காலை 6.10 மணிக்கு எஞ்சினைச் சுமக்க வைத்தார்கள். காற்றின் வேகத்தை அளந்தீர்களா என்று கேட்டேன். காற்றுமானியில் பேட்டரி இல்லை, முகத்தில் படுவதை வைத்தே தெரியும் என்று பதில் வந்தது. காற்று மேற்கிலிருந்து வந்தது. களத்தின் மேற்கு எல்லையில் முழு வளர்ச்சியடைந்த தென்னந்தோப்பு. தோப்பைக் கடந்து வரும் காற்று அதன் உயரத்தைப்போல் பல மடங்கு தூரத்துக்குக் கலங்கியும் சுழன்றும் வரும் என்பதால், மரங்களின் காற்று மறைவில் ஒரு புதியவரை ஓட விடக் கூடாது. நான் நிறுத்தப்பட்ட இடம் தோப்பிலிருந்து 100 மீட்டர் தூரம்கூட இல்லை. வாக்கி டாக்கி என் மார்புப் பையில் இருந்தது. காதில் பொருத்தும் கருவி பழுது என்றார்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஓட, காதுகளை இரைச்சல் காப்பு மூடியிருக்க, மார்புப் பையில் இருக்கும் ஒலிபெருக்கி யாருக்குக் கேட்கும்?

ஓடத் தொடங்கினேன். இறக்கை எழுந்தபோது வலது நுனி பின்தங்கியது. தரைப் பயிற்சியில் நன்கு பழகிய ஒருவர் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து, பிரேக்குகளை இழுத்து, ஓட்டத்தைக் கைவிட்டிருப்பார். எனக்குக் கேட்டது, பவர், பவர் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. அதற்கு முன்னாலும் பின்னாலும் சொன்னது எதுவும் கேட்கவில்லை. எஞ்சினின் விசையைக் கூட்டும் கைப்பிடியான த்ராட்டிலை அழுத்தினேன். இறக்கை தலைக்கு மேல் வந்து சேரும் முன்பே முழு விசை கொடுத்ததால் அது பின்னாலேயே தொங்கியது. எஞ்சினின் முறுக்கு விசை என்னை ஒரு பக்கமாகத் திருப்பியது. தளர்ந்த வலப்பக்கக் கயிறுகள் எஞ்சினைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டுக்குள் போய், சுழலும் புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டன. என் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானைத் தேடியது நினைவிருக்கிறது. அந்தப் பொத்தானை, அதாவது எஞ்சினை அணைக்கும் சுவிட்சை, ஓடிக்கொண்டே அழுத்திப் பார்க்கும் பயிற்சி எனக்கு ஒருமுறைகூடத் தரப்படவில்லை. முந்தைய நாள் இரவு உணவின்போது வாயால் சொன்னதோடு சரி. எங்கள் ஆலையில் ஓர் இயந்திரத்தில் புதிய ஆளை நிறுத்தும்போது, அதை ஓட்டக் கற்றுத்தருவதற்கு முன் நிறுத்தக் கற்றுத்தருவோம்.

இன்னொன்றும் உண்டு. கட்டுப் போட்ட பிறகு, அன்று எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இறக்கையின் நடுவில் தைத்திருந்த சீட்டு ஒரு படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த அளவு இறக்கை 80 முதல் 105 கிலோ வரையிலான மொத்த எடைக்கானது என்று அதில் அச்சிட்டிருந்தது. அன்று நான் 84 கிலோ. எரிபொருளுடன் எஞ்சின் 31 கிலோ. இறக்கை, ஹெல்மெட், காலணி எல்லாம் சேர்த்து எட்டு கிலோ. ஆக 123 கிலோ. எடை கூடக் கூட இறக்கை வேகமாகப் பறக்கும், எழுவதற்கு அதிக வேகத்தில் ஓட வேண்டியிருக்கும், கையின் சிறு அசைவுக்கும் சட்டென்று திரும்பும். அனுபவமுள்ளவர்கள் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுப்பதுண்டு. தொடக்கநிலையாளரிடம் கேட்காமல், எடை பார்க்காமல், கையில் கிடைத்த இறக்கையைப் பூட்டி அனுப்புவது வேறு விஷயம். நான் களத்தில் இருந்த ஆறு நாளில் யாரும் என் எடையைக் கேட்கவே இல்லை.

அன்று களத்தில் இருந்த இளம் பயிற்சியாளர் மீது எனக்குச் சிறிதும் குறையில்லை. அவர்மீது நடவடிக்கை எடுக்கத் தாங்கள் எண்ணியிருந்தால் அது தவறாகும். விழுந்த நொடியில் ஓடி வந்து எஞ்சினை அணைத்தவர் அவர். "அண்ணா, கையை அசைக்காதீங்க" என்று சொல்லி, தன் துண்டை மடித்து மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, முதலுதவிப் பெட்டி இல்லாத களத்திலிருந்து சரக்கு வேனில் மருத்துவமனை வரை அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தபடியே வந்தார். நான்கு மாணவர்களுக்கு ஒரே ஆளாக அவரை நிறுத்தியது நிறுவனத்தின் முடிவு.

எந்த விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்று நான் கையெழுத்திட்ட தாளைத் தங்கள் கடிதம் சுட்டிக்காட்டுகிறது. முழுக் கட்டணமும் பெற்ற பிறகு, பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு, கையெழுத்திட்டால்தான் காலையில் களத்துக்கு வரலாம் என்று சொல்லி நீட்டிய தாள் அது. வானில் இருக்கும் ஆபத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்பது உண்மை. வாக்களித்த பயிற்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெட்டப்படும் என்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தத் தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை.

ஆகவே, ரூ.62,000 கேட்புக் கடிதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும் என்று கோருகிறேன். ரூ.25,000 வைப்புத்தொகையையும், கட்டணத்தில் தங்குமிடம், உணவுக்கான ரூ.12,000 போக மீதமுள்ள ரூ.83,000-ஐயும், மருத்துவச் செலவு ரூ.38,400-ஐயும் சேர்த்து மொத்தம் ரூ.1,46,400 திருப்பித் தர வேண்டும். ரசீதுகள், எக்ஸ்ரே அறிக்கை, தங்கள் விளம்பரத் தாள், இறக்கைச் சீட்டின் படம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

பணத்தைவிட எனக்கு முக்கியமானவை வேறு சில. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் களத்தில் தொடக்கநிலையாளர்களுக்கு வகுப்பு நடத்துவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு மாணவரின் தரைப் பயிற்சி நேரமும் அவரவர் கையெழுத்துடன் ஏட்டில் பதிவாகட்டும். அந்த நேரம் நிறையாமல் யார் முதுகிலும் எஞ்சின் ஏறக் கூடாது. வேலை செய்யும் காற்றுமானியும், காதுக்குள் கேட்கும் வாக்கி டாக்கியும், முதலுதவிப் பெட்டியும் இல்லாத நாளில் களத்தைத் திறக்காதீர்கள். சூலூரில் விமானப்படைத் தளமும் கோவையில் விமான நிலையமும் இயங்கும் வட்டாரம் இது என்பதால், பறப்பதற்குத் தாங்கள் பெற்றுள்ள அனுமதிகளின் நகலையும் எனக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் செலுத்திய மாணவன் என்ற முறையில் இதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, சேவைக் குறைபாடு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகியவற்றுக்காக நான் வசிக்கும் மாவட்டமான திருப்பூரின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் வழி செய்கிறது என்பதையும், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதையும் அறிந்தே எழுதுகிறேன்.

மணிக்கட்டுக்கான பயிற்சிகள் நடந்துவருகின்றன. மருத்துவர் அனுமதித்ததும், காற்று அடங்கிய மாதங்களில், விட்ட இடத்திலிருந்து என் தரைப் பயிற்சியை முதலில் முடிப்பேன். அதைத் தங்கள் களத்தில் முடிப்பதா, வேறிடத்தில் முடிப்பதா என்பதைத் தங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்வேன். பதிலைப் பதிவு அஞ்சலில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
திருப்பூர்